கத்தரிக்காய் கற்றுக் கொடுத்த பாடம்

"போட்டோவில வேற மாதிரி இருந்துச்சே!"

2001-ஆம் ஆண்டில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் நான் கேட்ட முதல் வார்த்தை இதுதான். சொன்னவர், பிற்பாடு எனக்கு மாமியாராக வாய்த்தவர். காப்பித் தட்டோடு நின்ற எனக்குத் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுப்பதற்காக ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. முகத்தில் பான்கேக்கை அப்பி, இரண்டு விளக்குகளை நேருக்கு நேராகக் காட்டி, பிரிண்ட் போடும்போது இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்துக் கொடுத்திருந்தார்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துவாரங்கள் மட்டும் தெரிந்தன! நான் மாநிறத்துக்கும் ஒரு பிடி கறுப்பு. படத்தில் இருந்தவளோ மைதா மாவில் பிசைந்து வைத்த மாதிரி இருந்தாள்.

கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயிற்று, அந்தப் பேச்சும் மறந்து போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். 2023-ல் என் மகள் வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்காகப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். கவரைப் பிரித்துப் பார்த்தவள், "அம்மா, இது யாரும்மா?" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கன்னத்து மச்சத்தைக் காணோம். என் அப்பாவின் நிறம் அவளுக்கு, அதையும் காணோம். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தார்கள். 22 வருஷத்தில் பான்கேக் போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதே தவிர, காரியம் அதேதான்!

வந்த ஆத்திரத்தில், "இருடி, நானே எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. எனக்குக் காமிராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்றுகூடத் தெரியாதே!

மதுரையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பல வருஷம் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவர் ஞாயிறு காலைகளில் போட்டோ வகுப்பு எடுக்கிறார். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். 12 வாரம், ஐயாயிரம் ரூபாய். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்த சமயம், கட்டிவிட்டேன். என் கொழுந்தனார் ஆசையாக வாங்கி, ஆறே மாதத்தில் அலமாரியில் தூங்க விட்டிருந்த டிஜிட்டல் காமிராவும் கிடைத்தது.

வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் என் பிள்ளைகள் வயசு. முதல் நாள் ஒரு பையன், "ஆன்ட்டி, யாரைக் கொண்டாந்து விட வந்தீங்க?" என்று கேட்டான். "என்னைத்தாம்பா!" என்றேன்.

மாஸ்டர் வந்தவுடன் சொன்ன முதல் வார்த்தை, "காமிராவை எல்லாம் பைக்குள்ள வைங்க" என்பதுதான். ஆளுக்கு ஒரு கோழி முட்டையைக் கையில் கொடுத்தார். வெள்ளைத் துணி மேல் முட்டையை வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரு மேஜை விளக்கை மட்டும் ஏற்றினார்.

விளக்கு நமக்கு முன்னால், முட்டைக்கு நேராக இருந்தபோது முட்டை, அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி தட்டையாகத் தெரிந்தது. விளக்கைப் பக்கவாட்டில் கொண்டு போனார். பாதி வெள்ளை, பாதி இருட்டு. கீழே வைத்தார், பேய்ப் படத்தில் வருகிற மாதிரி ஆயிற்று. பிறகு, முன்புறத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கி, கொஞ்சம் உயரத்தில் சாய்வாகப் பிடித்தார். முட்டை உருண்டு நின்றது! எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எதிர்ப்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டினார். நிழல் பக்கம் இருட்டு கரைந்து, மெல்லிய சாம்பல் நிறமாயிற்று.

"இவ்வளவுதான். விளக்குதான் மெயின் லைட். இந்தக் காகிதம் ஃபில் லைட். மீதி எல்லாம் இதுல இருந்து கிளைச்சதுதான்" என்றார்.

என்னுடைய ஜாதகப் போட்டோவில் மூக்கு எங்கே போயிற்று என்பது அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நிழல் இல்லாவிட்டால் மூக்கும் இல்லை, கன்னமும் இல்லை. நிழலை எல்லாம் குற்றம் என்று நினைத்துத் துரத்தி அடித்திருக்கிறார்கள்!

வீட்டுப் பாடமாக அந்த வாரம் முழுவதும் முட்டைதான். மாமியார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, முட்டைக்கு எதுக்குப் போட்டோ? அதுக்கு மாப்பிள்ளை பாக்கப் போறமா?" என்றார். படம் எடுத்து முடித்த முட்டை அன்றன்றைக்கு ஆம்லெட் ஆனதால் வீட்டில் மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

விளக்கைத் தள்ளி வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2 அடி தூரத்தில் இருக்கிற விளக்கை 4 அடிக்குக் கொண்டு போனால் வெளிச்சம் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, கால் பங்காகிவிடும். சின்ன பல்பின் வெளிச்சத்தைவிட ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் ஆளை எடுப்பது சுலபம் என்பதற்கு ஒரு காரணம் இதுதான். பல்புக்கு அருகே அரை அடி அசைந்தாலும் எல்லாம் மாறிப் போகும். பெரிய ஜன்னலுக்கு முன்னால் அவ்வளவு பயமில்லை.

பெரிய ஜன்னலால் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சம் வருகிற இடம் அகலமாக அகலமாக நிழலின் ஓரம் மிருதுவாகும். வெயில் நேராக விழுகிற ஜன்னலென்றால் கம்பி நிழல் முகத்தில் கோடு கோடாக விழும். அதற்கு ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். இதைக் கேலியாக நினைக்காதீர்கள். சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' படத்துக்கு (1956) ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா செய்ததும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். காசி நகரத்து முற்றம் வைத்த வீட்டை ஸ்டூடியோவில் செட் போட்டிருந்தார்கள். முற்றத்து வழியே வானத்திலிருந்து இறங்குகிற மெத்தென்ற வெளிச்சம் வேண்டும். மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியைப் பார்க்கத் திருப்பிவிட்டார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வீடு முழுக்கப் பரவிற்று. உலகம் முழுவதும் பேசப்பட்ட உத்தி அது.

நாலாவது வாரம் மாஸ்டர் பையிலிருந்து எடுத்தது கத்தரிக்காய்! நல்ல கருநீலக் கத்தரிக்காய், பளபளவென்று.

"இதை எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்றார். ஆளாளுக்கு ஃப்ளாஷ் போட்டு எடுத்தோம். எல்லார் படத்திலும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுற்றிலும் கறுப்பு ஓட்டை. "வெளிச்சம் பத்தலை சார்" என்று ஒரு பெண் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃப்ளாஷைக் கூட்டினோம். புள்ளிதான் இன்னும் வெளுத்தது. காய் அப்படியேதான் இருந்தது.

அப்புறம் அவர் காட்டினார். கத்தரிக்காயை ஜன்னல் பக்கத்தில் வைத்தார். எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டை. ஃப்ளாஷ் கிடையாது. காயின் உடம்போடு நீளமாக ஒரு வெள்ளிக் கோடு ஓடியது! அதன் வளைவு, காம்புக்குக் கீழே இருக்கிற குழி, ஊதா நிறம், அத்தனையும் தெரிந்தன.

"வெள்ளைப் பொருள் மேல பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறித் திரும்பும். அதனால அதை நிழல் காட்டிக் கொடுக்கும். கறுப்பு, வெளிச்சத்துல முக்கால்வாசியை முழுங்கிரும். அதோட உருவத்தைக் காட்டறது மேல ஓடற மினுமினுப்புதான். அந்த மினுமினுப்புங்கறது என்ன? விளக்கோட பிரதிபிம்பம். விளக்கு சின்னதா இருந்தா மினுமினுப்பும் புள்ளியாத்தான் இருக்கும். விளக்கு பெருசா, பக்கவாட்டுல இருந்தா, உடம்பு பூரா வழிஞ்சு ஓடும்" என்றார்.

பிறகு ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "நம்ம ஊர் முகங்களும் இப்படித்தான். கூட வெளிச்சம் வேண்டாம். பெரிய வெளிச்சமா, சரியான பக்கத்துல இருந்து வந்தாப் போதும்" என்றார்.

சகோதரிகளே, நான் சமையலறையில் எத்தனை ஆயிரம் கத்தரிக்காய் நறுக்கியிருப்பேன்! இதை ஒரு நாளாவது பார்த்தேனா?

இதில் நம் தோலின் பிழை ஒன்றுமில்லை என்பதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. கலர் பிலிம் காலத்தில், பிரிண்ட் போடுகிற இயந்திரத்தில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை லேப்களுக்கு அனுப்பி வந்தது. அதில் இருப்பவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கே 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் முகம் நன்றாக வந்தால் இயந்திரம் சரி! மற்ற நிறத்து மனிதர்கள் எப்படி வருவார்கள் என்று வெகுகாலம் யாரும் கவலைப்படவில்லை. லோர்னா ராத் என்ற கனடாப் பேராசிரியை 2009-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிலிமில் பழுப்பு நிறங்கள் தெளிவாக வரவில்லை என்று கம்பெனியில் அழுத்தமாகப் புகார் சொன்னவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச் சாமான் வியாபாரிகளும்! மனிதர்கள் கேட்டு நடக்காதது சாக்லேட்டுக்காக நடந்ததாம். இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, மகளை எடுத்த கதைக்கு வருகிறேன். முதல் முயற்சி படுதோல்வி. வெள்ளைச் சுவரின் முன்னால் நிறுத்தினேன். முகம் கரியாக வந்தது. கறுப்புத் திரை கட்டினேன். முகத்தில் சாம்பல் பூசினாற்போல் வந்தது. மாஸ்டரிடம் கொண்டு போனால், "காமிராவுக்குக் கண்ணு உண்டும்மா, புத்தி கிடையாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமா ஆக்கத்தான் பாக்கும். வெள்ளை நிறைய இருந்தா வெளிச்சத்தைக் குறைச்சிரும். கறுப்பு நிறைய இருந்தா கூட்டிரும். பின்னால இருக்கறதைப் பாக்காதே, முகத்தைப் பாருன்னு நாமதான் சொல்லணும்" என்றார். இப்போது வருகிற போன்கள் முகத்தைத் தாமே கண்டுபிடித்து ஓரளவு சரி செய்துகொள்கின்றன. ஆனாலும் நம்பிவிட முடியாது. திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால் அந்த இடத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளும். அதன் பிறகு, பல போன்களில் விரலை மேலும் கீழும் இழுத்தால் இன்னும் கூட்டலாம், குறைக்கலாம்.

இரண்டாவது முயற்சியில் வெளிச்சம் சரியாக இருந்தது. ஆனால் மகள் முகத்தில் பச்சைக் காமாலை! காரணம், எங்கள் கூடத்துச் சுவரின் பச்சை டிஸ்டெம்பர். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் சுவரின் நிறத்தையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் கட்டிய பிறகு சரியாயிற்று. ட்யூப்லைட்டையும் அணைத்துவிட வேண்டும். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறு பக்கம் இன்னொரு நிறம்.

மூன்றாவது முயற்சியில், ஜன்னலுக்குச் சாய்வாக ஸ்டூலில் உட்கார வைத்தேன். நிழல் பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துளி வெளிச்சம் விழுந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் வாழ்ந்த ரெம்ப்ராண்ட் என்ற ஓவியர் இப்படித்தான் முகங்களைத் தீட்டினாராம். அவர் பெயரையே இந்த வெளிச்சத்துக்கு வைத்திருக்கிறார்கள். மச்சம் இருந்த இடத்தில் மச்சம் இருந்தது. மகள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லா இருக்கேன்ல?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

எட்டாவது வாரம் திருமலை நாயக்கர் மஹாலுக்கு எங்களை அழைத்துப் போனார் மாஸ்டர். உச்சி வெயிலில் முற்றத்தில் ஒருத்தியை நிறுத்திக் காட்டினார்; கண் இருக்கிற இடத்தில் இரண்டு பள்ளம். அவளையே தூண் வரிசைக்குள் இரண்டு அடி உள்ளே தள்ளி, முற்றத்தைப் பார்க்க நிற்கச் சொன்னார். அதே நேரம், அதே வெயில், வேறு முகம்! கண்ணின் கருமணியில் முற்றத்து வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னியது. படத்துக்கு உயிர் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது என்பார் மாஸ்டர். நம் வீட்டு வாசல்படியே இதற்குப் போதும், மஹால் வேண்டியதில்லை.

இந்த வயசில் இது தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்காமலில்லை. அவர்களுக்கெல்லாம் நான் ஜூலியா மார்கரெட் காமெரான் கதையைச் சொல்லிவிடுவேன். 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 1863-ல், 48 வயசில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த காமிராதான் அவருடைய முதல் காமிரா. நிலக்கரி போட்டு வைக்கிற அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக் கூண்டைக் கண்ணாடி வைத்த ஸ்டூடியோ ஆக்கினார். டார்வினும் கவிஞர் டென்னிசனும் வந்து அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று அந்தக் காலத்து போட்டோக்காரர்கள் கேலி செய்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, அங்கிருந்தவர்களையும் படம் எடுத்து, 1879-ல் அங்கேயே காலமானார். கோழிக் கூண்டையே மாற்றியவர் இருக்கும்போது, நான் ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன?

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்து சந்தோஷமாக இருக்கிற நேரமாகப் பாருங்கள். படுக்கையை ஜன்னல் அருகில் இழுத்துப் போடுங்கள். ஜன்னல் குழந்தையின் தலைப் பக்கமோ, தலைக்குச் சாய்வாகவோ இருக்கட்டும். கால் பக்கத்திலிருந்து வந்தால் தாடைக்குக் கீழே வெளிச்சம் புகுந்து, முட்டையைப் பயமுறுத்தினோமே, அந்த மாதிரி ஆகிவிடும். நேர் வெயில் வேண்டாம். நின்றுகொண்டு குனிந்து எடுக்காமல், தவழும் குழந்தையென்றால் நீங்களும் தரையில் படுத்து எடுங்கள். போனை முகத்துக்கு மிக அருகே கொண்டு போகாதீர்கள். மூக்கு பெரிசாகவும் காது சின்னதாகவும் விழும். நாலைந்து அடி தள்ளி நின்று கொஞ்சம் 'ஜூம்' செய்துகொள்வது நல்லது. கடைசியாக, உங்கள் போனில் 'பியூட்டி' என்று ஒரு வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தேடி அணைத்துவிடுங்கள். என் போனில் அது இருந்தது மாஸ்டர் சொல்லும் வரை எனக்குத் தெரியாது. கன்னத்தை எல்லாம் மெழுகிக்கொண்டே இருந்திருக்கிறது!

எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எதிர் வீட்டம்மா தன் பெண்ணுக்கு ஜாதகத்தோடு கொடுக்க ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். நல்ல கறுப்பு அந்தப் பெண். அவள் நெற்றியும் கன்னமும் ஜன்னல் வெளிச்சத்தில் விளக்கு ஏற்றின மாதிரி இருந்தன. அந்த 12 வாரத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். அம்மா பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கொஞ்சம் கலராக் காட்டக் கூடாதா?" என்றார். என்னால் முடியாது என்றேன். மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் குறை சொல்ல வாய் வரவில்லை. பெண்ணைப் பெற்றவள் பயம் எனக்கும் தெரியும்.

கடைசி வாரம், வீட்டில் வயசான ஒருவரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார் மாஸ்டர். எங்கள் வீட்டில் வயசானவர் என்றால் மாமியார்தான், 74. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு வாரம் போக்குக் காட்டினார். கடைசியில், முற்றத்தை ஒட்டிய திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "அப்படியே இருங்க அத்தை" என்று காமிராவை எடுத்தேன்.

"பவுடராவது போட்டுக்கிறேனே" என்றார். வேண்டாமென்று, நெற்றி வியர்வையை மட்டும் ஒற்றி எடுத்தேன். மூக்குக் கண்ணாடியில் வானம் அப்படியே பளிச்சிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேல் துளி தூக்கி வைத்தேன். வெளிச்சம் கீழே இறங்கி, கண் தெரிந்தது. இடது பக்கம் வெள்ளை வேட்டியை நாற்காலி முதுகில் விரித்தேன்.

நான் இதெல்லாம் செய்து முடிக்கும் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். "எங்க கல்யாணத்துல ஒரே ஒரு போட்டோ எடுத்தாங்க. 1968-ல. உங்க மாமா சட்டையும் வேட்டியும் பளீர்னு இருக்கும். நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது. மூக்குத்தி மட்டும் தெரியும். அதை வச்சுத்தான் இது நான்னு சொல்லுவேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கி வருகிற நேரத்தில் எடுத்தேன்.

மாஸ்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வகுப்புச் சுவரில் மாட்ட ஒரு பிரதி கேட்டார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். சுருக்கங்களை விரலால் தடவிப் பார்த்தார். மூக்குத்தியைப் பார்த்தார்.

"நான் இம்புட்டுக் கறுப்பா?" என்றார்.

"ஆமா அத்தை."

"நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "சட்டம் போட்டு வை. இப்பவே சுவத்துல மாட்டிறாதே, என்ன!" என்றார்.

பீரோவில், அவருடைய கூறைப் புடவைக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவரே எடுத்துக் காட்டுகிறார்.